தரையில் ஓட்டியது நீதான்

எஸ்தருக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் நீ திரும்பக் கூப்பிடவில்லை. "சாமு அண்ணனுக்கு இப்டி ஆவும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நீ அவன பெத்திருப்பியாம்மா?" என்று கேட்டாய். இத்தனை வருடத்தில் சொந்தக்காரர்கள் இதைச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். பாஸ்டரின் மனைவி ஜெபம் பண்ணுகிற சாக்கில் கேட்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நீ ஏன் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். போன மாதம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டாய். எனக்கு இருப்பது உனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நம்மைப் போன்ற பெண்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ரத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பிறக்கிற ஆண் பிள்ளைக்குப் போனாலும் போகும், போகாமலும் இருக்கும். போனால் சாமுவுக்கு ஆனதுதான் ஆகும். அன்று சாயங்காலமே தினகரனிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அவன் வீட்டில் சாதியும் மதமும் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் அவர்கள் சரி என்று சொன்ன பிறகு, நீ வேண்டாம் என்கிறாய். காரணமும் சொல்லவில்லை. அந்தப் பையன் சனிக்கிழமை அவன் ஊர் கலவையிலிருந்து பஸ் மாறி மாறி ஆம்பூருக்கே வந்துவிட்டான். வாசலில் நின்றுகொண்டே, "நான் இன்னா தப்பு பண்ணேன் ஆண்ட்டி? அத மட்டும் சொல்லுங்க, போய்ட்றேன்" என்றான். உள்ளே உட்கார வைத்துச் சோறு போட்டேன். "நீ ஒரு தப்பும் பண்ணல, அவகிட்டயே கேளு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் சாப்பிடும்போது சுவரில் சக்கர நாற்காலியோடு இருக்கும் சாமுவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன வியாதி என்று கேட்கவில்லை.

நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை. வாழ்க்கை பூராவும் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். இடதையும் வலதையும் பக்கத்தில் வைத்து, தையல் கோணலா, தோலில் கீறலா, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன் என்று நீயும் அப்பாவும் கேலி செய்வீர்கள். இருக்கட்டும். என் கண்ணுக்குக் குறைதான் முதலில் தெரியும். அதனால்தான் உன் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் அந்த இடத்துக்கு வருவேன். பொறுமையாகப் படி. படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

சாமுவுக்கு நான்கு வயது ஆகும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "பையன் நல்லா கெட்டி" என்பார்கள். எனக்கும் பெருமை. அந்தப் பெருத்த கால்தான் வியாதி, உடம்பில் தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துபோகும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். ஓடும்போது விழுவான். விழுந்தால் தன் முழங்காலையே பிடித்து, தொடையைப் பிடித்து, தன் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்திருப்பான். ஐந்தாவது படிக்கும்போது நடை நின்றது. வகுப்பு மாடிக்குப் போனதும் படிப்பும் நின்றது. தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கிறேன் என்று அப்பா எவ்வளவோ சொன்னார், "வேணாம்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவனே நிறுத்திக்கொண்டான். அதற்கப்புறம் அவனுக்கு உலகம் என்றால் முன்னறையும், ஜன்னல் வழியாகத் தெரிகிற சந்தும்தான்.

அந்த கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கம்பெனி ஆபீசில் புதிது வாங்கியபோது பழையதை அப்பா கேட்டு வாங்கி வந்தார். அவர் அங்கே தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக், மேனேஜருக்கு அவர் மேல் நல்ல அபிப்பிராயம். பெங்களூரில் இருந்த உன் மாமா பையன் ஒரு சிடியும், பிடித்து ஆட்டுகிற ஒரு குச்சியும் கொண்டு வந்து கொடுத்தான். ஜாய்ஸ்டிக் என்று நீங்கள் சொன்னாலும் எனக்கு அது குச்சிதான். சண்டை விமானம் ஓட்டுகிற விளையாட்டு. முதல் நாள் குண்டு வெடிக்கிற சத்தம் கேட்டு நான் கரண்டியோடு ஓடி வந்து, "வேதம் படிக்கிற வூட்ல இன்னாடா இது குண்டு போட்டுக்குனு?" என்று கத்தினேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் போய் என் சமையலைப் பார்த்தேன்.

ஆனால் சாமுவுக்குக் குண்டு போடுவதில் பெரிய ஆசை இல்லை. அது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த விளையாட்டில் நேராக வானத்திலேயே ஆரம்பிக்கலாம், இல்லை ரன்வேயில் வைத்து ஆரம்பிக்கலாம். மாமா பையன் எப்போதும் வானத்தில்தான் ஆரம்பிப்பான். சாமுவுக்கு அது பிடிக்காது. விமானம் நிறுத்தி வைத்திருக்கிற இடத்திலிருந்து எஞ்சினைப் போட்டு, டவரில் அனுமதி கேட்டு, குறுகலான பாதையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய், ரன்வேக்கு முன்னால் போட்டிருக்கிற கோட்டில் நின்று, முன்னால் போகிறவன் கிளம்பும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஏற வேண்டும் என்பான். திரும்பி வந்தாலும் அப்படித்தான். இறங்கினதோடு முடியாது. ரன்வேயை விட்டு விலகி, பாதை பாதையாக வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். "அப்பதான்டா போய்ட்டு வந்தா மாதிரி" என்று மாமா பையனிடம் சொன்னான். வீட்டை விட்டே போகாத பிள்ளை சொன்னதைக் கேட்டு நான் உள்ளே போய் அழுதேன்.

தரையில் ஓட்டுவதுதான் அவனுக்கு முடியாத காரியமாக இருந்தது. மேலே குச்சியை லேசாக அசைத்தால் போதும், மடியில் தலையணை வைத்து அதன் மேல் குச்சியை வைத்தால் இரண்டு விரலால் திருப்புவான். தரையில் முன்சக்கரத்தைத் திருப்ப கீபோர்டில் வேறு இரண்டு கீ. அதைத் தொடக் கையைத் தூக்க வேண்டும், தோளிலிருந்து கை எழும்பாது. ஒரு கையை இன்னொரு கையால் தள்ளி அங்கே கொண்டு போவதற்குள் விமானம் புல்லில் இறங்கி நின்றுவிடும். ஒரு நாள் அந்த விளையாட்டோடு வந்த புத்தகத்தை அப்பாவிடம் காட்டி, "நெஜ பைலட்டு தரைல கால்லதாம்பா திருப்புவாரு, இங்க பாரு, ரெண்டு பெடல் கீது" என்றான். தெரிந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை. ஆனால் அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட தையல் மெஷின்களிலிருந்து இரண்டு பெடலைக் கொண்டு வந்தார். துருவைத் தேய்த்தார், பலகையில் பொருத்தினார், திரும்பி மேலே வர ஸ்பிரிங் வைத்தார். கீபோர்டின் அடியைத் திறந்து அந்த இரண்டு கீக்கும் ஒயர் இழுத்து பெடலில் சேர்த்தார். கால் வழுக்கக்கூடாது என்று மேலே தோல் ஒட்டினார், நல்ல தோல். வேலை முடிந்து வந்து சட்டைகூடக் கழற்றாமல் அதையே செய்துகொண்டிருப்பார். "பையனுக்கு ஒரு சாமான் செய்றேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் டீ போட்டுக் கொடுத்து வேடிக்கை பார்த்தேன். குறை கண்டுபிடிக்கிற என் கண்ணும் அன்றைக்குத் தூங்கிவிட்டது. யாருக்கும் தோன்றவில்லை எஸ்தர். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முடித்து மேஜைக்கு அடியில் வைத்து, சாமுவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, அவன் வலது காலைத் தூக்கிப் பெடலின் மேல் வைத்தார். கால் வைத்த இடத்தில் கிடந்தது. அப்புறம் இடது காலையும் வைத்தார். அப்போதுதான் அவர் கை நின்றது. நடக்க முடியாத பிள்ளைக்குக் கால் பெடல் செய்து வைத்திருக்கிறோம் என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அப்பா நிமிரவே இல்லை, குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். சாமுதான், "சூப்பரா கீதுப்பா, நெஜமா" என்றான். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். நீ அப்போது சின்னப் பெண், பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்றிருந்தாய். எங்கள் முகத்தையெல்லாம் பார்த்தாய். ஒரு முக்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு, அவன் காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உன் காலை நீட்டிப் பெடலில் வைத்தாய். "இப்ப எந்தப் பக்கம் திருப்பணும்ணா?" என்று கேட்டாய். அந்த நிமிஷத்தில் இந்த வீட்டை நீதான் காப்பாற்றினாய். இதை உன்னிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

அதற்கப்புறம் வானம் அவனுக்கு, தரை உனக்கு. முதலில் எத்தனை முறை கவிழ்த்தாய்! வேகமாகப் போகும்போது பெடலை அழுத்திப் பிடித்தால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கை தரையில் உரசிவிடும். "மிதிக்காத, தட்டு. தட்டித் தட்டி உடு" என்பான். "ஸ்பீடு கம்மி பண்ணாம திருப்பாத. மொதல்ல பிரேக்கு, அப்பறம் திருப்பு." முன்னால் போகிற விமானத்தை ஒட்டிப் போனால் திட்டுவான். டவரில் அனுமதி வராமல் கோட்டைத் தாண்டினால் அன்றைக்குப் பூராவும் பேசமாட்டான். அவ்வளவு கறார். ரன்வேயில் வேகம் எடுத்ததும் முன்சக்கரத்தை விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் திருப்பினால் பக்கவாட்டில் பறந்துவிடும் என்று, "காலெடு, காலெடு!" என்று கத்துவான். நீ இரண்டு காலையும் தூக்கி முக்காலியில் மடக்கிக்கொள்வாய். அப்புறம் அவன் தனியாகப் பறப்பான். நான் ஒரு நாள், "இவ்ளோ பெரிய ஏரோபிளேன் தரைல இப்டி நொண்டுது" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "மேல போனா ராஜாம்மா. தரைல என்ன மாதிரிதான், யாராச்சும் இட்டுக்குனு போவணும்" என்றான். உன் தலையில் ஒரு தட்டு தட்ட நினைத்திருப்பான், கை எழும்பவில்லை. நீயே தலையைக் கொண்டு போய் அவன் கையடியில் வைத்தாய்.

இரண்டு வருடம் போல நன்றாகப் போயிற்று. அப்புறம் விரல்களும் போக ஆரம்பித்தன. மேலே போனால் இறக்க முடியவில்லை. எத்தனை முறை ஏறினானோ அத்தனை முறையும் எங்கேயாவது மோதி முடிந்தது. ஒரு நாள் அவனே உன்னிடம் சொன்னான், "வேணாம் பாப்பா, மேல போவ வேணாம். சும்மா கீழயே ஓட்டலாம்." அதிலிருந்து அந்தச் சண்டை விமானம் சண்டைக்கே போகவில்லை. இறக்கைக்கு அடியில் குண்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து கிளம்பி, பாதை பாதையாகப் போய், கோட்டில் நின்று, மற்ற விமானங்கள் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு திரும்பி வரும். அவன் வாயால் சொல்வான், நீ காலால் ஓட்டுவாய். "இன்னாடா இது, வேலூர் டவுன் பஸ்ஸாட்டம் சுத்திக்கினே கீறீங்க?" என்று நான் கேலி செய்தேன். "ஸ்டாப்பிங் வந்தா சொல்றேன், எறங்கிக்கோ" என்றான். அதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் பேசினோம். ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாய் நீ. உன் தோழிகள் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருந்தேன். அவன் முகம் தெளிவாக இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சண்டை உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. உன் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். நீ போக வேண்டும் என்று கிளம்பி நிற்கிறாய். அவன், "ஒரே ஒரு ரவுண்டு" என்கிறான். நீ உட்கார்ந்தாய், ஆனால் மனசு அங்கே இல்லை. வளைவில் அழுத்தி மிதித்துவிட்டாய், விமானம் கவிழ்ந்தது. "பாத்து ஓட்ட மாட்டியா?" என்று கத்தினான். நீ எழுந்து நின்று, "ஒனக்குக் காலா இருக்கத்தான் என்ன பெத்தாங்களா?" என்று கேட்டாய். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நீ பிறந்தநாளுக்கும் போகவில்லை, பின்வாசலில் உட்கார்ந்து அழுதாய். அந்த வாக்கியத்தை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதமே உன்னை வேலூரில் ஹாஸ்டலில் சேர்த்தோம். அண்ணனைப் பேசியதற்கு அம்மா கொடுத்த தண்டனை என்று நீ நினைத்தாய். சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்பில் என் கையை உதறிவிட்டுப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தண்டனை இல்லை எஸ்தர். அனுப்பச் சொன்னதே அவன்தான். மறுநாள் காலை இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன், மெல்லாமல் வைத்துக்கொண்டே சொன்னான். "அவ கேட்டது கரெக்ட்டும்மா. அவள எங்கனா சேத்துடு. இங்கயே இருந்தா அவ என் கூடவே குந்திக்கினு இருப்பா." நான் முடியாது என்றேன். உன்னை விட்டு அவன் எப்படி இருப்பான் என்று எனக்குப் பயம். இரண்டு நாள் சாப்பிடாமல் பிடிவாதம் பிடித்தான். உன்னிடம் சொல்லக்கூடாது என்றும் சத்தியம் வாங்கினான், சொன்னால் நீ போகமாட்டாய் என்று. அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன், அவன் திட்டினால் திட்டட்டும். நீ போன பிறகு அப்பா அந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மெஷின் மிதித்துப் பழகிய கால், அழுத்தம் ஜாஸ்தி, வைத்ததும் கவிழ்ந்தது. அதனால் மேஜைக்கு அடியில் புகுந்து கையால் அழுத்தினார். அங்கிருந்து திரை தெரியாது. "லெப்ட்டுப்பா... போதும்... போதும்பா! ஐயோ!" என்று இவன் சிரிப்பான், அடியிலிருந்து அவரும் சிரிப்பார். விமானம் புல்லில் போய்ப் படுத்திருக்கும். கோட்டு வரைக்கும் அவர்கள் ஒரு நாளும் போய்ச் சேரவில்லை. நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது ஒரு முறை போய்த் திரும்பி வந்தீர்கள். தவக்காலம் வருவதற்கு முன் நெஞ்சில் சளி கட்டி அவன் போய்விட்டான்.

உன்னைக் கேட்காமலே உனக்கு எது நல்லது என்று அவன் முடிவு செய்தான். நானும் அதற்குத் துணை போனேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ படித்தாய், வேலைக்குப் போனாய், அதெல்லாம் சரி. ஆனால் ஒரு வருடம் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவன் கடைசி மாதங்களில் நீ பக்கத்தில் இல்லை, அதற்கு யார் பதில் சொல்வது? அதே காரியத்தைத்தான் இப்போது நீ தினகரனுக்குச் செய்கிறாய். அவனைக் கேட்காமலே அவனுக்காக முடிவு செய்துவிட்டாய். அன்று சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான், சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல். ரத்தத்தில் இருப்பதைச் சொல், சாமு எப்படி இருந்தான் என்பதைச் சொல், எப்படிப் போனான் என்பதையும் மறைக்காமல் சொல். கேட்டுவிட்டுப் போகிறவனாக இருந்தால் போகட்டும். அப்போது அழு, நானும் வந்து உன்னோடு அழுகிறேன். அவன் என்ன செய்வான் என்று நீயே நினைத்துக்கொண்டு இப்போதே அழாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். முன்னாடியே தெரிந்திருந்தால் சாமுவைப் பெற்றிருக்க மாட்டேன். எழுதிவிட்டேன். எழுதிய பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எந்தப் பிள்ளை அப்படிக் கஷ்டப்பட வேண்டும் என்று எந்தத் தாய் கேட்பாள்? ஆனால் சாமு விஷயத்தில் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை, அவன் பிறந்து நான்கு வருடம் ஆன பிறகுதான் எல்லாம் தெரிந்தது. அந்தக் கேள்வி வந்தது உன் விஷயத்தில். டாக்டர் அவனுக்கு இது என்று சொன்னபோது நீ என் வயிற்றில் இருந்தாய். அம்மா வழியாக வருகிற வியாதி, இதுவும் பையனாக இருந்தால் வரலாம் என்றார். அந்தக் காலத்தில் ஆணா பெண்ணா என்று எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழி இல்லை. அப்பாவும் நானும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். உன்னைக் கலைத்துவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாமுவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், வீட்டில் விட ஆள் இல்லை. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். அவன் ஒன்றுக்கு வருகிறது என்றான். தூக்கிக்கொண்டு போய்விட்டு வருவதற்குள் என் நம்பர் போய்விட்டது. டாக்டர் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை வா என்றார்கள். கர்த்தர் சொன்னார், சொப்பனம் கண்டேன் என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நம்பர் தப்பிப்போனது, அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை நான் போகவில்லை. காலையில் தலை சீவி, பையை எடுத்து, செருப்பு மாட்டி, வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டேன். அது மட்டும் நானே செய்தது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் நான் செய்த மாதிரி நீயும் செய் என்று சொல்லவில்லை. இப்போது வயிற்றிலேயே பார்க்கிறார்கள், பிள்ளையே வேண்டாம் என்று இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், தத்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீயும் அவனும் எதைச் செய்தாலும் உங்கள் பக்கம்தான் நான்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. நீ என்னிடம் கேட்டதை நான் அவனிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நீ ஹாஸ்டலில் இருந்த சமயம். குளிப்பாட்டுகிற நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகெலும்பு அவ்வளவு வளைந்து போயிருந்தது. அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. "டேய் சாமு, உன்ன பெத்தது தப்பாடா?" என்று கேட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். "எனக்கு எப்டிம்மா தெரியும்? நான் வேற மாதிரி இருந்து பாத்ததே இல்லியே" என்றான். பிறகு, "கண்ணு எரியுது, தண்ணி வேற ஆறுது. சீக்கிரம் ஊத்தும்மா" என்றான்.

ஊற்றினேன்.

அம்மா